பச்சைத் தொப்பி இரவு

மார்ச் பதினேழு.
மவுண்ட் ரோடு ஓட்டல், ஆறாவது மாடி,
அயர்லாந்து இரவு.
பண்டர் தெருவில் டஜன் கணக்கில் எடுத்த பச்சைத் தொப்பி
ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.
டிரம்ஸ் டில்லிபாபு தலைக்கு எதுவும் சேரவில்லை.
பீரிலும் பச்சை,
ஐஸ்கிரீமுக்குப் போடுகிற அதே சாயம்.

நான் வயலின்.
பகலில் சம்மணமிட்டுக் கணுக்காலில் ஊன்றுவதை
இரவில் நின்றுகொண்டு மோவாயில் இடுக்குகிறேன்.
கம்பிகளைத் திருகி வேறு சுருதிக்கு மாற்ற
லிஃப்ட் ஏறும் நேரம் போதும்.
காலையில் நம் வாத்தியம் என்பேன்,
இரவில் அவர்கள் வாத்தியம் என்பேன்.
இரண்டுக்கும் அது மறுப்புச் சொன்னதில்லை.

மெல்வின் ரொசாரியோ பாடுவான்.
கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா கார்க் நகரத்துச் சிப்பாய் என்று
மூன்றாம் பாட்டுக்கு முன்னால் மைக்கில் சொல்வான்.
போன வருஷம் அது டப்ளினாக இருந்தது.

இடைவேளையில் முதல் மேசையிலிருந்து எழுந்து வந்தாள்
ஓனா என்கிற பெண்.
காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் பொருத்த வந்த இன்ஜினியர்,
கழுத்தெல்லாம் வெயில் சிவப்பு.
கோபம் இல்லை. கணக்குத் தீர்க்கிற குரல்.

மகனைப் பிரிந்து உருகுகிறதே, அது
இங்கிலாந்து வக்கீல் ஒருவர் எழுதியது.
மெட்டைத் தபாலில் அனுப்பியது அமெரிக்காவிலிருந்து
அண்ணியோ தம்பி மனைவியோ
(அவள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்).
தாலாட்டு,
நியூயார்க் நாடகக் கொட்டகையில் டிக்கெட் விற்க.
சிப்பாய்கள் நடை போட்ட பாட்டு,
ஐந்து ஷில்லிங் பந்தயத்துக்கு
ஒரே ராத்திரியில் இங்கிலாந்தில் கட்டியதாகப் பேச்சு.

"அந்த மீன்காரி?" என்றான் டில்லிபாபு. அவனுக்குப் பிடித்த பாட்டு அது.
அவளுக்கு எங்கள் ஊரில் சிலையே உண்டு.
பாட்டு முதலில் அச்சானதோ
கடலுக்கு அந்தப் பக்கம்.

"பரவால்ல. காசிமேட்டுல பொறந்திருந்தா
நாலு தெருவும் எங்க அத்தைன்னு அடிச்சிக்கும்."

மெல்வின் தொப்பியைக் கழற்றினான்.
"பேட்ரிக்காவது?"
"அவரும் வெளியூர்தான்.
கடற்கொள்ளையர் பிடித்துக்கொண்டு வந்த பையன்."

பிறகு சும்மா இருக்காமல் கேட்டாள்:
உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று?

பேர் எப்படி வந்தது என்று
இன்னமும் தகராறு நடக்கிற ஊர் இது.
அவசரத்துக்கு விரலில் வந்தது
குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு குட்டிப் பாட்டு.
கோட்டைப் பேண்டிலிருந்து எடுத்த மெட்டில்
யாரோ அம்மன் பேரில் சமஸ்கிருதம் தைத்தது.
மேற்கே இருந்து வந்ததென்று தெரியும்,
எந்த மேற்கு என்று நான் கேட்டதில்லை.

மூன்றாவது வரியில் அவள் கால் தட்டியது.
ஐந்தாவதில் நாற்காலியை நகர்த்தினாள்.
"இது", மூச்சு வாங்கியது அவளுக்கு,
"எங்கள் கல்யாணங்களில் ஆடுவது.
இன்றைக்கு நீங்கள் வாசித்ததில்
எங்களுடையது இது ஒன்றுதான்."

இதற்குள் ஆறாம் மேசை கத்தியது,
வக்கீல் பாட்டு மறுபடி வேண்டுமாம்.
மானேஜர் கண்ணைக் காட்டினார்.
ஆரம்பித்தோம்.
இரண்டாம் சரணம் மெல்வினுக்கு எப்போதும் மறக்கும்.
ஓனா எடுத்துக் கொடுத்தாள்,
கண்ணை மூடி, ஒரு சொல் பிசகாமல்,
கடைசி அடியில் குரல் உடைய.

எங்களுடையது இல்லை என்றவள்தான்.

கவரில் ஆளுக்கு ஆயிரத்து எண்ணூறு.
டில்லிபாபு பைக்கின் பின்னால்
வயலினைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
பேசின் பிரிட்ஜ் காற்றில் தொப்பி பறந்து
தண்டவாளத்தில் விழுந்தது.
அவன் நிறுத்தவில்லை. விசிலடித்துக்கொண்டே போனான்.
மீன்காரி மெட்டுதான், ஆனால் நடுவில் எங்கோ
புளியந்தோப்புச் சாவு மேளத்துக்குத் திரும்பியிருந்தது.

காலை ஏழுக்கு வகுப்பு.
சுருதியைப் பழையபடி மாற்ற வேண்டும்.