மிளகு கூடுதல்

ஏலக்காய் பன்னிரண்டு, தோலோடு.
கிராம்பை எண்ணுவதில்லை,
கைக்கு வந்தது.
சுக்கை நசுக்க இரண்டு கிலோ எடைக்கல்;
கீழ்வீட்டு விமலா அண்ணாந்து பார்த்திருப்பாள்.

தீபாவளிக்குக் கம்பெனி கொடுத்த மிக்ஸி.
மூடியைத் திறந்ததும்
தெருவுக்கே தும்மல்.

நைட் ஷிஃப்ட் முடிந்து
செம்மங்குப்பத்தில் பஸ் ஏறி
முதுநகரில் இறங்கும் கலிவரதனுக்கு
மூக்கு போய் மூன்று வருஷம்.
ஏலக்காயும் ஒன்றுதான்,
டிரம் கழுவின தண்ணீரும் ஒன்றுதான்.

முதல் மாதம்
பழைய அளவிலேயே அரைத்தேன்.
“நல்லா இருக்கு” என்றார்.
பொய்.

இப்போது மிளகு இருமடங்கு.
ஒரு வாய் குடித்து, இருமி,
கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்கிறார்:
“இன்னிக்கி ஏலக்காய் அதிகமோ?”

அதே பன்னிரண்டுதான்.

“ரெண்டு கூட” என்கிறேன்.