ஒரு சாண் இடதாக

அறை ஒன்பதடிக்கு எட்டு.
சாட்ஸ்வொர்த்தில், யூனிட் ஏழில்,
ஒரே சுவரைப் பங்குபோட்ட இரண்டு வீடுகளில் ஒன்று.
குடியிருந்த பெண் காலி செய்துபோன அன்று
கதவை அடைத்துக் கை தட்டிப் பார்த்தேன்.
ஒரு தட்டு.
சுவர்கள் அதைச் சில்லறையாக்கித் திருப்பித் தந்தன.

கம்பளி மாட்டினேன்.
மூலையில் ஆலையின் வெட்டுத்துணி மூட்டை.
மறுபடி தட்டினேன்.
இப்போது என் கை மட்டும் கேட்டது.

ஆலையை மூடியபோது கொடுத்த பணத்தில்
கூரைக்குப் போனது போக
பதினோராயிரம் ராண்ட் மிச்சம்.
சமையலறையை மாத்தியிருக்கலாமே, என்றாள் தங்கை தயாளினி.
மாற்றியிருக்கலாம்.

உம்கேனி ரோட்டுக் கடைப் பையன் மொண்ட்லி
ஒரு ஸ்பீக்கரின் தலையைத் தடவியபடி சொன்னான்:
முப்பதாயிரம் ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், மேடம்.
அது எனக்கில்லை தம்பி,
எங்கள் தெரு நாய்களுக்கு.

சிரித்து முடிக்கட்டும் என்று இருந்துவிட்டுச் சொன்னேன்.
இருபத்துமூன்று வருஷம் ஓவர்லாக் மெஷின்.
என் இடப்பக்கம் பட்டன்ஹோல் மெஷின்.
காது டாக்டர் வரைந்த படத்தில்
வலது கோடு, சரிவில் இறங்கும் பஸ்.
இடது கோடு
நாலாயிரம் தாண்டியதும் பாலத்திலிருந்து விழுகிறது.

அப்போ வீட்டில் வைத்துக் கேட்டுத்தான் எடுக்கணும், என்றான்.
முன்பணம் வாங்கிக்கொண்டு
இரண்டு ஜோடி கொடுத்தனுப்பினான்.

முதல் ஜோடி என் நெஞ்சு உயரம்.
தவில் ஒலித்தபோது அறை நிரம்பி வழிந்தது.
எல்லா அடியும் ஒரே அடி,
பானைக்குள் தலையை விட்டதுபோல.
பின்பக்கத் துளையில் காலுறையைத் திணித்தேன்.
கொஞ்சம் அடங்கியது, மூக்கடைத்த ஆள்போல.
சுவரில் டொக் டொக்.
பூபாலன். துறைமுகத்தில் இரவுக் காவல், பகலில் தூக்கம்.
அலமாரியில் டம்ளர்கள் நடக்குது, என்றார் கண்ணைக் கசக்கிக்கொண்டு,
ஒன்று விளிம்புக்கே வந்துவிட்டதாம்.

இரண்டாவது ஜோடி சிறியது,
அரிசி டின் அளவு, துளையில்லாத பெட்டி.
ஆடை நறுக்கும் மேசையின் கால்களை அறுத்து
அதற்குத் தாங்கி செய்தேன்.
சுவரிலிருந்து ஒரு சாண். பிறகு ஒன்றரை.
இரண்டு சாணில்
நாதஸ்வரக்காரர் ஊதுவதற்கு முன்
மூச்சு இழுத்தார்.

அதுவரைக்கும் அந்த மனிதருக்கு
நுரையீரல் உண்டென்று எனக்குத் தெரியாது.

ஆனால் அவர் வலதுபக்கம் தள்ளி நின்றார்,
கல்யாணப் படத்தில் ஓரமாய் நிற்கும் சொந்தக்காரர்போல.
போனில் கேட்டதற்கு மொண்ட்லி சொன்னான்,
பேலன்ஸ் பட்டனை இடப்பக்கம் திருப்புங்க.
திருப்பவில்லை.
ஏனென்று அவனிடமும் சொல்லவில்லை.
நாற்காலியை இடதுபக்கம் இழுத்தேன்.
நாலு விரல். மறுபடி நாலு விரல்.
ஒரு சாண் ஆனதும்
அவர் நடந்து வந்து நடுவில் நின்றார்.
நாற்காலியின் நாலு காலையும் சுற்றித்
தையல் சாக்கட்டியால் கோடு போட்டேன்.

ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போனது,
பட்டியலில் போட்டிருந்தபடியே.
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.
சுவருக்கு அந்தப்பக்கம்
பூபாலன் ஷூவுக்கு நாடா கட்டுவதும்
சாவி தேடுவதும்
இத்தனை வருஷமாக எந்தப் பெட்டியும் இல்லாமலே
கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டேன்.
கையில் பிரியாணித் தட்டோடு வந்தார்.
டம்ளர் நடக்கலையே, என்று கேட்டுவிட்டு
என் நாற்காலியில் உட்கார்ந்தார், கோட்டுக்குள்.
மஸ்கந்தா கிடார் ஒன்று போட்டேன்.
பாதிப் பாட்டுவரை மெல்லவே இல்லை.
பிறகு மெதுவாகச் சொன்னார்,
நல்லாத்தான் இருக்கு.
ஆனா ஆள் இடதுபக்கம் ஒதுங்கி நிக்கிறான்.

ஆமாம், என்றேன்.
நீங்கள் உட்கார்ந்திருப்பது என் இடம்.