இரண்டை அழுத்தவும்

முதலில் கண்ணைத்தான் சந்தேகித்தேன்.
பிறகு பற்றரியை.
பிறகு வின்னிபெக்கின் சனவரியை:
சைபருக்குக் கீழே முப்பத்தொன்றில்
எதுதான் ஒழுங்காய் வேலை செய்யும்?

மின்சாரக் கொம்பனிக்கு எடுத்தேன்.
பில் பற்றியென்றால் இரண்டை அழுத்தவும் என்றது குரல்.
காதிலிருந்து எடுத்துப் பார்த்தால்
இரண்டு இல்லை.
ஒன்றும் இல்லை.
கறுப்பு. அதற்குள் என் மூக்கு.
உங்கள் தெரிவு விளங்கவில்லையென
மூன்றுதரம் மன்னிப்புக் கேட்டுவிட்டு
அதுவே வைத்துவிட்டது.

துடைத்தேன்.
அணைத்து எழுப்பினேன்.
நாய்க்குட்டிப் படம் போட்ட உறையைக் கழற்றினேன்.
அப்டேற் கேட்டது, கொடுத்தேன்.
வாங்கியபோது இருந்த நிலைக்கு
மீட்டுத் தரவா என்று கேட்டது.
வேண்டாம் என்றேன்.
வாங்கியபோது இருந்த நிலையில்
இந்த வீட்டில் எதுவும் இல்லை,
போன் மட்டும் ஏன் போகவேண்டும்.

இந்த லட்சணத்தில்தான்
பிரபாலினிக்கு எடுத்தேன்.
வியாழன் இரவு ஒன்பது மணி,
மெல்பேர்னில் வெள்ளி பின்னேரம் இரண்டு.

என் பெயரைச் சொல்லிச் சேர்ந்த சீட்டு.
நாலாம் மாதமே கூறி எடுத்துக்கொண்டு
கட்டினவனோடு பிளேன் ஏறினாள் தங்கச்சி.
மிச்சப் பதினொரு மாதமும்
பாண் பேக்கரியில் இரட்டை வேலை நின்று
நான் கட்டினேன்.
அதைச் சொன்னேன்.
அதோடு சொல்லக்கூடாததையும் சொன்னேன்.
இனி எடுக்காதே, நானும் எடுக்கமாட்டேன்,
வைக்கிறேன் என்றேன்.

பெருவிரலால் குத்தினேன், குத்தினேன்.
கறுப்புக்குள் எந்த மூலையில் இருக்கிறது
அந்தச் சிவப்புப் பொத்தான்?

வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு
வைக்க முடியாமல் நிற்பது
கலியாண வீட்டில் கோபித்து எழும்பி
செருப்பைத் தேடுகிற மாதிரி.
மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கம் கேத்தில் கொதித்தது.
பழுதான கதவு மாதிரி ஒரு பறவை கத்தியது.
'செருப்பை வாயில வைக்காத' என்றாள் யாருக்கோ.
தவழத் தொடங்கிவிட்டானா?
படத்தில் போன கிழமைகூட
தொட்டிலில்தானே கிடந்தான்.

என் பக்கம் அவளுக்கும் கேட்டிருக்கும்,
பனி வழிக்கிற வண்டி பின்னுக்கு வரும் பீப், பீப்,
சோற்றுப் பானையின் மூடி,
நான் மூக்கை உறிஞ்சியது.

ஒரு சமயம்
யாருக்கென்று இல்லாமல்
'உப்பு முடிஞ்சுது' என்றாள்.
இங்கேயும்தான்.
நான் சொல்லவில்லை.

பிறகு பற்றரி செத்தது.

விடிய வேலையில், தேத்தண்ணி நேரம்,
ரொடெல் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.
நகத்தில் ஒட்டியிருந்த மாவோடு
மேல் விளிம்பைக் கிளப்பினான்.
கடைத்தொகுதிப் பெடியன் பதினைந்து டொலருக்கு
ஒட்டித் தந்த கண்ணாடி, பிசின் இழுபட்டு வந்தது.
அதற்கடியில் ஒரு பொட்டுக்கண் இருக்கிறதாம்,
கன்னம் வருகிறதா என்று பார்க்கிற கண்.
அதன்மேல் கண்ணாடி ஒரு நூலளவு ஏறியிருந்ததாம்.
ஆகவே எந்நேரமும்
ஒரு கன்னம் பக்கத்தில் இருப்பதாகவே
அது நினைத்துக்கொண்டிருந்ததாம்.

இருபது செக்கன் வேலை.
காசு வேண்டாமென்று என் ரோல்ஸில் ஒன்றைத் தின்றான்.

இப்போது காதை விட்டு எடுத்தவுடன்
திரை விடிகிறது.
இரண்டு இருக்கிறது. அழுத்தினேன்.
பில் கட்டியாயிற்று.

இரவு, சும்மா விரல் போன இடத்தில்
அழைப்புகளின் பட்டியல்.
பிரபாலினி, நாற்பத்திரண்டு நிமிடம்.
கதைத்தது ஆறு நிமிடம் இருக்கும்,
அதிலும் ஐந்து நான்.
மிச்சம்?

என் திரைக்குத்தான் வருத்தம்.
அவளுடையது புதுப் போன்.
வாங்கின அன்றே படம் போட்டிருந்தாள்,
என் காசு என்று நான் பல்லைக் கடித்தேன்.
அதில் சிவப்புப் பொத்தான்
முழுநேரமும் பளிச்சென்று
இருந்திருக்கும்.

நாளைக்குச் சனி.
உப்பு வாங்கவேண்டும்.