ரத்தம் காய்ச்சுகிறவள்

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு
சாக்லேட் பாகுதான் ரத்தம்.
கொஞ்சம் கிளிசரின், ஒரு சிட்டிகை காப்பித்தூள்.
பதம் தப்பினால் காயம்
மிட்டாய்போல் பளபளக்கும்.
பெல்கிரேடிலிருந்து போன இரண்டு லாரிகளில்
ஒன்றில் பீரங்கிகள்,
இன்னொன்றில் என் அடுப்பும் நானும்.

தாரா ஆற்றுக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவே
தச்சர்கள் மூன்றே நாளில் ஆஸ்பத்திரி எழுப்பி
பழசாகத் தெரியட்டும் என்று புகையடித்தார்கள்.
ஆலோசனை சொல்ல பிளெவ்லியாவிலிருந்து
பஸ்ஸில் வந்து இறங்கினார் ஸ்தோயான்கா,
கையில் ஒரு டப்பா வெண்ணெய்க்கட்டியுடன்.
போரில் நர்ஸ்.
இப்போது தபால் நிலையத்தில் பார்சல் கட்டுகிறார்.

நாயகி நேதாவை ஏற இறங்கப் பார்த்தார்.
கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன்,
இடுப்புவரை கூந்தல்.
காற்று மெஷின் சுழன்றதும் தலைத்துணியை மீறி
ஒரே ஒரு கற்றை கன்னத்தில் விழ வேண்டும்.
அதற்கே பதினோரு டேக்.

“எங்களுக்கு மொட்டை” என்றார் ஸ்தோயான்கா.
டைஃபஸ். தையல் மடிப்பெல்லாம் பேன்.
பெட்ரோல் பீப்பாயில் துணிகளை ஆவியில் வேகவைத்துவிட்டு
ஒரே கம்பளிக்குள் நாலைந்து பேர்
அம்மணமாய்க் காத்திருப்போம்.
ஆணா பெண்ணா என்று யாரும் பார்க்கவில்லை,
பார்க்கத் தெம்பில்லை.

இயக்குநர் மரியாதையாகக் குறித்துக்கொண்டார்.
தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
சட்டையோடு அதுவும் சலவைக்குப் போயிருக்கும்.

அடுத்தது சாகும் காட்சி.
வயிற்றில் குண்டு. அன்று பாகு அருமையாக வந்திருந்தது.
பையன் நேதாவின் கையைப் பற்றி
“உன் கண்ணில் என் ஊர் தெரிகிறது” என்று சொல்லித்
தலை சாய்க்கிறான்.
ஸ்தோயான்கா சிரித்துவிட்டார்.
கெட்ட சிரிப்பில்லை,
தும்மல் மாதிரி வந்துவிட்டது.
கட்.

விளக்குகளை நகர்த்தும் நேரத்தில் கேட்டேன்:
நிஜத்தில் என்ன சொல்வார்கள்?

“தண்ணீர் கேட்பார்கள்.
வயிற்றுக் காயத்துக்குத் தண்ணீர் ஆகாது.
ஈரத்துணியால் உதட்டைத் துடைப்போம், அதற்குத் திட்டுவார்கள்.
ஒருத்தன் விடிய விடியத் திட்டினான்,
என்னை, என் அம்மாவை,
எங்கள் வீட்டுப் பசுமாடு வரைக்கும்.
கடைசிவரை ஒரு வசவைக்கூடத் திருப்பிச் சொல்லவில்லை.
கெட்டிக்காரன்.”

பெயரும் சொன்னார்.
நான் இங்கே எழுதவில்லை.
அவனுக்கு ஒரு தங்கை இருக்கிறாள்.

பிறகு என் கிண்ணத்தில் விரல் விட்டு நக்கிப் பார்த்தார்.
இன்னொரு முறையும் விட்டார்.

நேதாவுக்குக் கட்டுப்போட வரவில்லை.
பாவம், முகம் முழுக்கக் கருணை,
முடிச்சு மட்டும் நழுவி நழுவி விழுந்தது.
கடைசியில் இயக்குநர் சொன்னார்:
ஐந்து விநாடி, க்ளோசப்,
கைகள் மட்டும் இவருடையவை.

அந்தக் கைகளை இளமையாக்க
எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.
மெழுகு, பவுடர், மறுபடி மெழுகு.
சணல் அறுத்த கோடுகள் எதற்கும் மசியவில்லை.
காமிரா ஓடத் தொடங்கியதும்
துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்தார்.
“பல் வேண்டாம் அம்மா, பல் வேண்டாம்!”
பல் ஃபிரேமுக்கு வெளியே போனது.
முடிச்சு விழுந்தது.
படுத்திருந்த துணைநடிகன், சட்டக் கல்லூரி மாணவன்,
இறுக்குகிறது என்று முனகினான்.
அதை நடிப்பென்று எல்லோரும் ரசித்தோம்.

குளிர்காலத்தில் படம் பிளெவ்லியாவுக்கு வந்தது.
பக்கத்து நாற்காலியில் ஸ்தோயான்கா, கோட்டுகூடக் கழற்றாமல்.
நேதாவின் கண்ணீர் திரையளவுக்குப் பெருக
அரங்கமே மூக்கு உறிஞ்சியது.
நடுவில் அந்த ஐந்து விநாடி.
யாரும் கவனிக்கவில்லை.

வெளியே வந்தோம். பனி.
கையுறையைப் போட்டார், கழற்றினார்.
“அந்தப் பையனின் விரல்நகம் நீலமாகியிருந்ததா, பார்த்தாயா?
அழுத்திப் பார்க்காமல் வந்துவிட்டேன்.
ரொம்ப இறுக்கிவிட்டேன் போலிருக்கிறது.”

என்ன சொல்ல.
கறுப்பு வெள்ளையில்
நீலம் எங்கே தெரிகிறது.