சிவப்பு அம்பு

இருபத்தாறு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள் நான்.
ட்யூப்லைட்டுக்கு அடியில் பனியனை விரித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
எது கண்ணில் பட்டாலும் ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
அரை நகம் அளவு ஸ்டிக்கர்.
ஒரு தாள் இன்னும் கைப்பையில் கிடக்கிறது.

இப்போது முதியோர் இல்லம் பார்க்கிறேன்,
எனக்கும் என் நங்கையாளுக்கும்.
வீட்டுக்காரரின் அக்கா. மயிலாத்தாள்.
அவர் போகும்போது விட்டுப்போனது
ஓடாத எக்ஸெல் வண்டி ஒன்றும் இவரும்.
வண்டியை விற்றுவிட்டேன்.

மத்தியானமானால் கேட்பார்:
ஏனுங், மில்லுல சங்கு ஊதிட்டாங்களா?
மில்லு மூடி இருபது வருஷமாச்சு நங்கையா.
அழுவார்.
மறுநாள் அதே கேள்வி, அதே பதில், புதுசாக அழுகை.
எனக்கு எழுபத்தொன்று. என் முட்டியும் ரிஜக்ட்.

முதல் வீடு அவிநாசி ரோட்டில்.
மீன் தொட்டி, கண்ணாடிக் கதவு,
யாருமே படுக்காத மெத்தை.
சாம்பிள் பீஸ் எப்பவும் சுத்தம்தான் தம்பி,
ப்ரொடக்‌ஷனைக் காட்டுங்க என்றேன்.
விசிட்டிங் நேரம் முடிஞ்சுதுங்க மேடம்.

இரண்டாவது அன்னூர்ப் பக்கம், தோப்புக்குள்.
ரசம் வாங்கிக் குடித்தேன், நன்றாக இருந்தது.
கட்டில் பக்கத்து மணிக் கயிறை மட்டும்
எட்டாத உயரத்தில் சன்னல் கம்பியில் முடிந்திருந்தார்கள்.
சும்மா சும்மா அடிக்கறாங்கம்மா.
முடிச்சின் மேல் ஒரு அம்பு ஒட்டிவிட்டு வந்தேன்.

பல்லடத்தில் நங்கையாளுக்கு மாடி, எனக்குக் கீழே.
மறதிக்காரங்க தனி ஹாலுங்க.
வாரத்துக்கு ரெண்டு தரம் பார்க்கலாம்.
லிஃப்ட் சாவி ஆபீசில்.
அங்கே அம்பு எங்கே ஒட்டுவதென்று
எனக்குத் தெரியவில்லை.

நாலாவது பெருமாநல்லூர் தாண்டி.
முன்பு நிட்டிங் கம்பெனியாக இருந்த கட்டடம்,
தரையில் மெஷின் போல்ட்டுக் குழிகளை
சிமென்ட் பூசி மூடியிருந்தார்கள்.
மூத்திர வாடை, அதன் மேல் பினாயில்.
பாத்ரூம் படிக்கு ஒன்று. அலறும் டிவிக்கு ஒன்று.
ஒட்டிக்கொண்டே போனேன்.
மேனேஜர் பின்னால் தொண்டையைச் செருமினார்.

ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி, ஜமுனா,
துடைப்பத்தோடு என்னையே பார்த்தபடி இருந்தாள்.
பிறகு கையை நீட்டினாள்.
அம்மா, எனக்கு ஒண்ணு.
அவளும் ரெண்டு வருஷம் செக்கிங்கில் இருந்தவளாம்.
நேராகப் போய்
கைப்பிடிக் கம்பியின் ஆடுகிற திருகில் ஒட்டினாள்.

இங்க ஒரு அய்யா விழுந்துச்சு. போன மாசம்.
நைட்ல நான் ஒரே ஆள்.
இப்ப?
இப்ப ரெண்டு ஆள்.
எல்லா நாளுமா?
அவள் மேனேஜரைப் பார்த்தாள், பிறகு என்னை.
ஞாயித்துக்கிழமை இல்ல.

இதற்குள் நங்கையாள் பந்தியில் உட்கார்ந்து
அரிசிம்பருப்புச் சோற்றில் பாதி உண்டு முடித்து
உப்புப் பத்தலை என்று சமையல்காரரிடம் சண்டை.
நடுவில் நிமிர்ந்தார்.
ஏனுங், சங்கு ஊதிட்டாங்களா?
நான் வாய் திறப்பதற்குள் ஜமுனா சொன்னாள்:
ஊதியாச்சு. நீங்க சாப்பிடுங்க.
அப்படிங்களா என்று
நங்கையாள் மோருக்குக் கை நீட்டினார்.

பாரத்தில் உறவு என்ற கட்டத்தில்
கணவன், மகன், மகள், உடன்பிறப்பு.
நங்கையாள் என்றேன்.
மேனேஜர் ரொம்ப நேரம் தேடி
மற்றவை என்பதில் டிக் அடித்தார்.
பேனாவை என்னிடம் நீட்டினார்.

கையெழுத்துப் போடவில்லை.
முன்பணமும் கட்டவில்லை.
ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு
சொல்லாமல் வருவேன் என்று
சொல்லிவிட்டு வந்தேன்.

ஆட்டோவில் நங்கையாள் மறுபடி கேட்டார்.
ஊதியாச்சுங் நங்கையா, என்றேன்,
முதல் தடவையாக.
கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்திருந்துவிட்டு
என் சேலையில் ஒட்டிக்கொண்டிருந்த அம்பு ஒன்றை
நகத்தால் கிள்ளி எடுத்து வெளியே வீசினார்.