நீல மூலையிலிருந்து

பக்கிரிசாமியைப் பற்றி எழுத
என் மூக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும்.
வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது,
அவன் போட்ட கையெழுத்து.

அப்போது எண்பத்தொரு கிலோவுக்கு மேல் ஹெவிவெயிட்.
பிரிக்காத தஞ்சாவூர் ஜில்லாவில்
அந்தக் கனத்துக்கு இரண்டே பேர்:
கூத்தாநல்லூர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கிய அவன்,
பூண்டியில் பேக்கரிக்காரர் வீட்டுப் பிள்ளை நான்.
காலிறுதி கிடையாது, அரையிறுதி கிடையாது.
வருஷா வருஷம் நேரே இறுதிப் போட்டி,
வருஷா வருஷம் எனக்கு வெள்ளி.
ஏழு இருக்கிறது. ஒன்று
ஆடுகிற கட்டில் காலுக்கு முட்டுக்கொடுத்தபடி.

குத்துவதற்கு முன்னால் அவனிடம் ஒரு சத்தம் வரும்.
மூட்டையை முதுகுக்கு ஏற்றும்போது வருமே,
அதே ‘ஹும்’.
கேட்டதும் விலகிவிடலாம்.
விலகியிருந்தால் இதை எழுத வேண்டியதில்லை.

புயல் வருஷம்.
மில்லின் தகரக் கூரை வெண்ணாற்றில் கிடந்தது.
நெல் மூட்டையோடு முளைத்து நாறியது.
வேலை இல்லை, சோறும் இல்லை.
தை மாதம் மன்னார்குடிப் பள்ளிக்கூட மைதானத்தில்
அவன் ஏறி நின்றபோது
முள் எண்பதரையில் நின்றுவிட்டது.
ஒரு மணி நேரம் தந்தார்கள்.
ஏறாவிட்டால் அவன் கீழ் எடைக்குப் போவான்,
அடி வாங்காமல் எனக்குத் தங்கம்.

நான் வெளியே போய்
பூவன் ஒரு சீப்பு வாங்கிவந்தேன்.
நல்ல மனசு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்.
எங்கள் ஊரிலிருந்து அறுபது சைக்கிள் வந்திருந்தது,
எதிராளி இல்லாத மேடையில்
கழுத்தை நீட்ட வெட்கமாயிருந்தது, அவ்வளவுதான்.
ஒன்பது பழம் தின்றான்.
இரண்டு செம்பு பைப்புத் தண்ணீர்.
முள் அசைந்தது.

இரண்டாம் ரவுண்டில்
ஹும்.

மாசியில் மதுரை, மாநிலம் அவனுக்கு.
பங்குனியில் ஜாம்ஷெட்பூர், தேசம் அவனுக்கு.
வடக்கத்திப் பத்திரிகை ‘பகீர்சாமி’ என்று பெயர் போட்டது.
பொன்மலை ஒர்க்ஷாப்பில் ரயில்வே அவனைச் சேர்த்துக்கொண்டது.
நான்கு வருஷம் யாரும் அவனைத் தரையில் பார்க்கவில்லை.
பிறகு பாங்காக்கில் ஒரு கொரியாக்காரன்
அவன் இடது கண்ணை மூடினான்.
அது முழுசாய்த் திறக்கவேயில்லை.

போன வாரம் நீடாமங்கலம் கொள்முதல் நிலையத்தில்
என் நெல்லுக்கு அது பதினோராம் நாள்.
ஈரம் அதிகம் என்று திருப்பித் திருப்பிக் காயவைத்தேன்.
பக்கத்துக் குவியலின்மேல் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தவர்
ஒற்றைக் கண்ணால், கோழி பார்க்கிற மாதிரி,
என் மூக்கைப் பார்த்தார்.

சும்மாதான் தராசில் ஏறினான்.
சிவப்பு எண் துடித்து நின்றது: அறுபத்து நான்கு.
சர்க்கரை, என்றான்.
நான் ஏறவில்லை. எனக்குத் தொண்ணூற்றாறு.
“பழம் ஏதாச்சும் வச்சிருக்கியா, இருதயம்?”

மூட்டையோடு பின்னால் நின்ற பையன்
தராசை விடச்சொல்லிக் கத்தினான்.
முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது
ஹும் என்றான்.

என் தலை தானாக விலகியது.