உதடு ஒட்டாமல்

வாசலில் செருப்போடு லிதுவேனிய மொழியையும் கழற்றி வைக்கச் சொன்னார்கள்.
பத்து நாள். ஏரிக்கரைப் பள்ளிக்கூடம். ஜூன் மாதம்,
இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் போகாத சராசை.
பதினாலு பேர். அதில் ஒருவன் வைதோதாஸ்.

அவன் வருவான் என்று தெரிந்திருந்தால்
நான் பெயர் கொடுத்திருக்க மாட்டேன்.
கொடுத்திருப்பேன்.

முதல் நாள் என்னிடம் இருந்தவை பதினெட்டுச் சொற்கள்.
ஜலம். லவணம். இது என்ன. அது இல்லை.
பிப்ரவரியில் ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்க
இதில் ஒன்றும் உதவாது.
ஆகவே சாப்பாட்டு மேசையில் கேட்டேன்:
லவணம் குத்ர?
அத்ர, என்று நீட்டினான்.
நாலு மாதம் கழித்துப் பேசிய முதல் பேச்சு
உப்பு இருக்கும் இடம் பற்றியது.
பொய் சொல்லும் அளவுக்கு இருவருக்குமே இலக்கணம் போதவில்லை.

இறந்தகாலம் இன்னும் வரவில்லை பாடத்தில்.
ஸ்கிர்மாந்தே தன் நாயைப் பற்றிச் சொன்னாள்:
நாய் ஓடுகிறது. லாரி வருகிறது. நாய் இல்லை.
கொஞ்ச நேரம் எல்லோரும்
ஜன்னல் வழியே சாலையைப் பார்த்தோம்.

சமையற்கட்டில் மட்டும் சட்டம் செல்லாது.
தாங்குவோலேவுக்கு நாங்கள் அத்தனை பேரும் கிறுக்குகள்.
பால் பொங்கிக் கருகியபோது கத்தினேன்:
தூமஹ! தூமஹ!
"தூமாய்தான். எனக்கும் கண் இருக்கிறது"
பாத்திரத்தை இறக்கிக்கொண்டே சொன்னாள்,
அவள் மொழியில். என் மொழியில்.
புகைக்கு வாசலில் யாரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை.

எட்டாம் நாள்தான் இருமை.
சஹனா, ஷிமோகாக்காரி, எங்களைவிட இளையவள்,
ஜூனிலும் கம்பளிக் குல்லாய்,
பலகையில் கோடு கிழித்தாள். ஒன்று. இரண்டு. பல.
இரண்டுக்குத் தனி வீடு:
கண்கள், துடுப்புகள்.
கச்சாவஹ: இருவர் போகிறோம்.
கச்சாமஹ: பலர் போகிறோம்.
உதடு ஒட்டினால் கூட்டம்.
ஒட்டாவிட்டால்தான் இருவர்.

எங்களிடமும் அப்படி ஒரு சொல் மிச்சமிருக்கிறது:
முதூ. நாமிருவர்.
மூன்று வருடம் அவன் அதைத்தான் சொன்னான்.
பிப்ரவரியில், வில்னியஸ் பேருந்து நிலையத்தில்,
டிக்கெட்டைப் பார்த்தபடி 'மெஸ்' என்றான்.
ஊரில் உள்ள எல்லோருக்கும் பொதுவான நாம்.
மீதியை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சஹனாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?
எங்களை எழுப்பி நிறுத்தி ஏரியைக் காட்டினாள்.
யுவாம் குத்ர கச்சதஹ?
கச்சாமஹ, என்றான்.
தலையை ஆட்டி, வ, வ, என்றாள்.
மறுபடியும் ம.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
அவன் குல்லாயைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான்,
என்னைப் பார்க்கவில்லை.
அஹம் கச்சாமி, என்றான்.
நான் போகிறேன்.
ஒரு பிழையும் இல்லாத வாக்கியம்.
சாது, என்று கைதட்டினாள் சஹனா.

மாலை தாங்குவோலே எங்கள் முன்னால்
ஒரே கிண்ணம் பீட்ரூட் சூப்பும்
இரண்டு கரண்டியும் வைத்து,
"யூது சாப்பிடுங்கள், மிச்சம் அவ்வளவுதான்" என்றாள்.
யூது. நீங்களிருவர்.
எந்தப் பலகையும் பார்க்காமல்.

லவணம் நாஸ்தி, என்றேன்.
அவன் எழப் பார்த்தான்.
நானே போய் எடுத்து வந்தேன்.